கிரேன்காரருக்குப் பித்தம் அடைத்ததா?

"என் வீட்டுக்காரர் ரத்தத்தை யாரோ மாத்திட்டாங்க."

வந்ததும் வராததுமாக இப்படிச் சொன்ன பெண்மணியை லொள்ளு மேலும் கீழும் பார்த்தான்.

"மொத்தத்தையுமா, இல்ல கொஞ்சமாவா?"

"லொள்ளு, வாயை மூடு. நீங்க உட்காருங்கம்மா," என்றாள் பூதக்கண்ணாடி.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவன் ஒரு திருடன். பிடிபட்ட எரிச்சலில் வைத்தான், அப்படியே ஒட்டிக்கொண்டது. மற்றபடி அந்தச் சாமானை அவள் கையால் தொட்டதுகூட இல்லை. உதவியாளன் லொள்ளுவுக்குப் பெயர் வைத்தது அவனுடைய வாய்தான். அவர்களுடைய துப்பறியும் அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடி. கீழே இஸ்திரி போடும் ஆவி தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வரும். எதிரே உட்கார்ந்தவர்கள் வியர்த்து விறுவிறுத்துச் சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்துபோவார்கள் என்பதால் பூதக்கண்ணாடி அந்த இடுக்கை அடைக்கவே இல்லை.

வந்தவள் தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஸ்கர்ட்டை எடுத்து மடியில் போட்டு, கீழ் மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். பழைய மடிப்புக் கோடுகள் இரண்டு துணியில் ஏற்கெனவே தெரிந்தன.

"தப்பா நினைக்காதீங்க மேடம், கை சும்மா இருந்தா எனக்கு அழுகை வந்துடும். அவர் கட்டட கிரேன் ஓட்டறார். நூறு அடிக்கு மேல ஒரு கூண்டுல உட்கார்ந்துதான் வேலை. வருஷா வருஷம் கம்பெனியில கண்ணு, காது, பிரஷர் பார்ப்பாங்க. இந்த வருஷம் புதுசா ரத்தமும் கேட்டாங்க. ரிப்போர்ட்ல ஏ.எல்.பி.ன்னு ஒண்ணு மூணு மடங்கு ஏறியிருக்கு. கல்லீரல்ல இருந்து பித்தநீர் இறங்கற பாதை எங்கேயோ அடைச்சிருக்கும்னு சொல்லிட்டார் கம்பெனி டாக்டர். உடனே கிரேன்ல இருந்து இறக்கி, ஸ்டோர்ல போல்ட் எண்ண விட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை முடிவு. அன்னிக்குக் கிரேன் ஒரேயடியா ரெண்டாவது ஷிஃப்ட்காரன் கைக்குப் போயிடும்."

"ரத்தம் மாறினதா ஏன் நினைக்கிறீங்க?"

"அவர் சண்டை போடலை மேடம். தராசுல ஒரு தக்காளி குறைஞ்சா தெருவையே கூட்டற மனுஷன் அவர். கிரேனையே பிடுங்கிட்டாங்க, வாயைத் திறக்கலை. இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்போம்னு சொன்னா, பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறார்."

"ரத்தத்தை எடுத்தது யாரு?"

"வெளியாள் யாரும் இல்லை, என் தம்பிதான். அந்த லேப்லதான் வேலை, வீடு வீடாப் போய் எடுப்பான். நான் கடையில இருந்த நேரமாப் பார்த்து வந்து எடுத்துட்டுப் போயிருக்கான். அதனால லேப்லதான் தப்பு நடந்திருக்கணும்." அவள் ஊசியை நிறுத்தினாள். "ஒண்ணு, அவருக்குப் பெருசா ஏதோ வந்து என்கிட்ட மறைக்கிறார். இல்லைன்னா அது அவர் ரத்தமே இல்லை. ரெண்டுல எதுன்னு தெரியற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

கை சும்மா இருந்த அந்த ஒரு நிமிடத்திலேயே கண் கலங்கிவிட்டது. பூதக்கண்ணாடி ரிப்போர்ட்டையும் லேப் ரசீதையும் வாங்கிக்கொண்டு, அவளை வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

படியில் காலடி ஓசை அடங்கியதும் லொள்ளு எழுந்து நின்றான்.

"பாஸ், கேஸ் முடிஞ்சது. ரெண்டாவது ஷிஃப்ட்காரன்தான் குற்றவாளி. கிரேன் வேணும், ரத்தத்தை மாத்திட்டான். வாங்க, சாப்பிடப் போகலாம்."

"ஒருத்தனைக் கவிழ்க்கணும்னு நினைக்கிறவன் எப்படிப்பட்ட ரத்தத்தைக் கொண்டுவந்து வைப்பான்?"

"இருக்கறதுலயே கேவலமானதை. என்னோடதை."

"இதைப் பாரு. சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. பிலிருபின், அதாவது மஞ்சள் காமாலையில ஏறுமே, அதுவும் ஒழுங்கா இருக்கு. ஏ.எல்.பி. மட்டும்தான் எகிறியிருக்கு. காலம் பூரா உட்கார்ந்தே வேலை பார்க்கற நாற்பத்தாறு வயசு ஆளுக்கு இவ்வளவு சுத்தமான ரத்தமா?"

"பொறாமையா இருக்கு பாஸ்."

"எனக்குச் சந்தேகமா இருக்கு. கிளம்பு."

லேபில் மாதிரிகளைச் சில நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். ரசீதைக் காட்டிக் கூடுதலாக ஒரு பரிசோதனை கேட்டால், அதே ரத்தத்தில் பார்த்துச் சொல்வார்கள். லேப் டாக்டரம்மா பூதக்கண்ணாடியின் பழைய வகுப்புத் தோழி. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"கம்பெனி கேட்ட பட்டியல்ல ஜி.ஜி.டி. இல்லை. ஏ.எல்.பி.யை மட்டும் வைச்சுப் பித்தப்பாதை அடைப்புன்னு சொல்றது அவசரம்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம்," என்றான் லொள்ளு. "நான் பள்ளிக்கூடத்துல உயிரியல் வகுப்பு நடந்தப்போ எல்லாம் வெளியே நின்னவன்."

டாக்டரம்மா சிரித்தாள். "ஏ.எல்.பி.யை ஒரு மருமகள்னு வைச்சுக்கோ. அவளுக்குக் கல்லீரல் புகுந்த வீடு, எலும்பு பிறந்த வீடு. ரெண்டு பக்கமும் போவா, வருவா. ரத்தத்துல அவளைப் பார்த்தா எந்த வீட்டுல இருந்து வர்றான்னு தெரியாது. ஜி.ஜி.டி. மாமியார். அந்தம்மா எலும்பு வீட்டுப் பக்கம் தலைவைச்சும் படுக்காது. பித்தநீர் அடைச்சா கல்லீரல் வீட்டுல ரகளை, மாமியாரும் மருமகளும் சேர்ந்தே தெருவுக்கு வருவாங்க."

"மருமகள் மட்டும் தனியா வந்தா?"

"அம்மா வீட்டுல இருந்து வர்றா."

"பாஸ், இவங்க எனக்கு வாத்தியாரா வந்திருந்தா நான் இந்நேரம் டாக்டர்."

இயந்திரம் வேலையை முடித்துவிட்டு விசிலடித்தது. டாக்டரம்மா திரையைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"மாமியார் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. ஜி.ஜி.டி. ரொம்ப சாதாரணமா இருக்கு. அப்போ இது எலும்பு. ஆனா நாற்பத்தாறு வயசுல எலும்பு இப்படி மும்முரமா வேலை பார்க்குதுன்னா எலும்புல நோய் இருக்கணும், இல்ல எங்கேயாவது உடைஞ்சு கூடிட்டு இருக்கணும். அதுவும் இல்லைன்னா..."

அவள் பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பூதக்கண்ணாடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

லொள்ளு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னை விட்டுட்டு ஜோக் சொல்றது நியாயமே இல்லை."

"சாயங்காலம் தையல்காரம்மா வீட்டுக்குப் போறோம். அவங்க தம்பியையும் வரச்சொல்லு."

அது ஐந்தாவது மாடி வீடு. கதவைத் திறந்த கிரேன்காரர் கதவையே நிறைத்துக்கொண்டு நின்றார். சோபாவில் போய் உட்கார்ந்ததும், மனைவியின் மர அளவுகோலை எடுத்து உள்ளங்காலைச் சொறிய ஆரம்பித்தார். அளவுகோலில் பாதி எண்கள் தேய்ந்துபோயிருந்தன.

"எத்தனை சென்டிமீட்டர் அரிக்குது சார்?" என்று லொள்ளு விசாரித்தான்.

கிரேன்காரர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மைத்துனன் பச்சைச் சீருடையில் முழுதாக வியர்த்திருந்தான். அந்த வீட்டில் இஸ்திரி ஆவி எதுவும் இல்லை.

"நேரடியாவே வர்றேன்," என்றாள் பூதக்கண்ணாடி. "சந்தேகத்தைத் தீர்க்க மறுபடியும் ஒரு தடவை ரத்தம் எடுத்துடலாம், இப்பவே. லொள்ளு, ஊசியை எடு."

லொள்ளுவிடம் ஏது ஊசி? இருந்தாலும் சளைக்காமல் பைக்குள் கையை விட்டான். வெளியே வந்தது மத்தியானம் காலி செய்த சாப்பாட்டு டப்பா. டப்பாவின் மூடி கண்ணில் படுவதற்கு முன்பே கிரேன்காரரின் முகம் வெளுத்து, கண்கள் செருகி, அந்தப் பெரிய உடம்பு சோபாவிலிருந்து வழுக்கித் தரையில் பரப்பிக்கொண்டது.

"தண்ணி எடுத்துட்டு வாங்க," என்றாள் பூதக்கண்ணாடி. "உங்க வீட்டுக்காரர் எந்த வியாதியையும் மறைக்கலை. ஊசின்னா பயம்ங்கறதைத்தான் மறைச்சிருக்கார்."

தையல்காரம்மா சொம்போடு ஓடிவந்தாள். முகத்தில் தண்ணீர் பட்டதும் எழுந்து உட்கார்ந்த கிரேன்காரர் மனைவியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஊசி போடற நிலைமையே வந்ததில்லை. எப்படிச் சொல்றது? நூறு அடி மேல உட்கார்ந்து இரும்பு தூக்கறவன், இத்தனூண்டு ஊசிக்கு மயங்கி விழறான்னு தெரிஞ்சா கீழே நிக்கற பசங்க கூண்டைப் பார்த்துக் கை கொட்டிச் சிரிப்பாங்க."

"அப்போ ரிப்போர்ட்ல இருக்கறது யார் ரத்தம்?" என்றாள் தையல்காரம்மா.

"அதை ரத்தமே சொல்லிடுச்சு," என்றாள் பூதக்கண்ணாடி. "ஏ.எல்.பி. வந்தது கல்லீரல்ல இருந்து இல்லை, எலும்புல இருந்து. எலும்பு நீளும்போதும் அது ஏறும், அது நோயே இல்லை. இந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரங்க இன்னும் வளர்ந்துட்டு இருக்காங்க. அம்மா, இந்த வருஷம் அந்த ஸ்கர்ட்டை எத்தனை தடவை பிரிச்சுத் தைச்சீங்க?"

எல்லாத் தலையும் உள்ளறைக் கதவுப் பக்கம் திரும்பியது. பன்னிரண்டு வயது மகள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். வருஷத் தொடக்கத்தில் மாட்டிய நாள்காட்டி அவள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்திருக்கும். இப்போது மூக்குக்குக் கீழே தொங்கியது.

"நான்தான் கொடுத்தேன்," என்றாள் பெருமையாக. "வலிக்கவே இல்லை. மாமா, இனிமே சொல்லலாம்ல?"

தையல்காரம்மா கழுத்திலிருந்த டேப்பை உருவித் தம்பியை நாலு சாத்து சாத்தினாள். டேப்பால் அடித்தால் வலிக்காது என்பது அடித்தவளுக்கும் தெரியும், அடிபட்டவனுக்கும் தெரியும்.

"அக்கா, முதல்ல என் ரத்தத்தைத்தான் வைக்கிறதா இருந்தேன்," என்று அவன் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தபடி கெஞ்சினான். "அத்தான் அழாத குறை. நான் என் கையில ரப்பர் பட்டையைக் கட்டப்போனா இவ குறுக்கே வந்து, நான்தான் கொடுப்பேன்னு ஒத்தைக்கால்ல நின்னா."

அடி நின்றது. தையல்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. கணவருக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு வேறு என்ன வேண்டும்? மகள் சிரித்தாள், மைத்துனன் சிரித்தான், கடைசியில் கிரேன்காரரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வாழ்த்துகள் சார்," என்று லொள்ளு கையை நீட்டினான். "உங்களுக்கு வந்தது உங்க பொண்ணோட வயசு."

"சிரிக்கறதைக் கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் பூதக்கண்ணாடி.

அவள் பார்வை அளவுகோலில் இருந்தது.

"அந்த ரிப்போர்ட் மகளோடது, அவ நல்லா இருக்கா, சரி. அப்பாவோட ரத்தம் என்ன சொல்லுதுன்னு இன்னும் யாருமே கேட்கலையே. சார், அரிப்பு எவ்வளவு நாளா இருக்கு?"

"ரெண்டு மாசமா. புது சோப்பு ஒத்துக்கலைன்னு நினைச்சேன்."

"தடிப்பு, கொப்புளம் ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது. உள்ளங்கை, உள்ளங்கால். ராத்திரி ஆனா உயிர் போகுது."

"பித்தநீர் இறங்க வழியில்லாம ரத்தத்துல கலந்தாலும் இப்படித்தான் அரிக்கும். சோப்பாவும் இருக்கலாம். தெரியணும்னா ஒரே வழிதான்."

சிரிப்பு நின்றுபோனது. கிரேன்காரர் மூடிய ஜன்னலைப் பார்த்தார், பாத்ரூம் கதவைப் பார்த்தார். தையல்காரம்மா போய்ப் பாத்ரூம் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

அவர் தொண்டையைக் கனைத்தார். "கொடுக்கறேன். ஆனா தரையில என்னால முடியாது. மேல உட்கார்ந்தா எனக்கு எதுவுமே பயமில்லை. மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்கு மேல போயிடலாம்."

"அத்தான்," என்றான் மைத்துனன். "எனக்கு நாற்காலி மேல ஏறினாலே தலை சுத்தும்."

அடுத்து நடந்ததை எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கிரேன்காரர் இரும்பு ஏணியில் வீட்டுப் படி ஏறுவதுபோல ஏறி, தொட்டி விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு, சட்டைக் கையை மடித்து உட்கார்ந்தார். முகம் தெளிந்துவிட்டது. அவருக்குக் கீழே, ஏணியின் நடுவில், மைத்துனன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"கண்ணைத் திற மாப்ளே. பாரு, காத்து எப்படி வருது."

"காத்தைப் பத்திப் பேசாதீங்க அத்தான்."

"ஊசி போடறவர் கண்ணை மூடிட்டு இருக்கார், போட்டுக்கறவர் வேடிக்கை பார்க்கறார்," என்று லொள்ளு கீழிருந்து குரல் கொடுத்தான். "எங்கேயாவது இதைப் பார்த்திருக்கீங்களா பாஸ்?"

மகள் மாமாவின் பையைத் தோளில் மாட்டி முன்னால் ஏறினாள். லொள்ளு தோளைக் கொடுத்துப் பின்னாலிருந்து தள்ளினான். மேலே போய்த் தொட்டி மூடியில் தவழ்ந்து உட்கார்ந்த மைத்துனன், மடியில் அத்தானின் கை வந்ததும் உயரத்தை மறந்தான். தொழில் பழகிய கை, ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. கிரேன்காரர் தூரத்தில் நின்ற தன் கிரேனைப் பார்த்துக்கொண்டே கொடுத்து முடித்தார். மைத்துனனை இறக்கத்தான் நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் காலையில் லேப் டாக்டரம்மா தையல்காரம்மாவையும் பூதக்கண்ணாடியையும் உள்ளே கூப்பிட்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"மருமகள் மூணு மடங்கு," என்றாள். "மாமியாரும் கூடவே வந்திருக்கா, அவ இன்னும் அதிகம். பிலிருபின் இப்பத்தான் எல்லையைத் தாண்டுது, அதான் கண்ணு இன்னும் மஞ்சளாகலை. இது கல்லீரல் வீட்டு ரகளைதான். அடுத்தது ஸ்கேன்."

ஸ்கேனில் பித்தநாளத்தில் ஒரு கல் தெரிந்தது. கத்தி வைக்க வேண்டியதில்லை, வாய் வழியாகக் குழாய் விட்டே எடுத்துவிடலாம் என்றார்கள். இன்னும் சில வாரம் போயிருந்தால் காய்ச்சலும் மஞ்சளும் வந்து படுக்கையில் தள்ளியிருக்கும். அதுவும் கூண்டில் இருக்கும்போது வந்திருந்தால் என்று யாரோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

தையல்காரம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எதுவுமே தைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என் தம்பியோட ரத்தம் போயிருந்தா?" என்று கேட்டாள்.

"எல்லாம் சரியா இருக்குன்னு வந்திருக்கும்," என்றாள் பூதக்கண்ணாடி. "அவர் கிரேன்ல இருந்திருப்பார். யாரும் எதையும் கிளறியிருக்க மாட்டோம்."

தையல்காரம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். வளர்கிறாள், வளர்கிறாள் என்று நாள் தவறாமல் அவள் திட்டிக்கொண்டிருந்த அதே மகள். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மடி போதவில்லை. அதற்காக அவள் விடவில்லை.

வெள்ளிக்கிழமை. கம்பெனி டாக்டரின் அறையில் கிரேன்காரர் நின்றார், பக்கத்தில் மனைவி, பின்னால் பூதக்கண்ணாடியும் லொள்ளுவும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஊசி, மகள், தொட்டி, கல். முதல் ரத்தம் தன்னுடையது இல்லை என்று சொன்ன இடத்தில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். கிரேன் போனால் போகட்டும், மைத்துனன் வேலையில் கை வைக்காதீர்கள் என்று முடித்தார்.

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தப்பான ரத்தத்தைப் பார்த்துச் சரியான வியாதியைச் சொல்லிவிட்ட மனிதர் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திண்டாடினார்.

"மைத்துனர் விஷயத்தை அவர் லேப் பார்த்துக்கட்டும், அவர் செஞ்சது தப்புதான். உங்களுக்கு, கல்லை எடுத்து உடம்பு தேறட்டும். அதுவரைக்கும் கிரேன்ல வேற ஆள். அப்புறம் ரத்தம் ஒழுங்கா இருந்தா கூண்டு உங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. இனிமே எப்போ கேட்டாலும் ரத்தம் என் கண்ணு முன்னாடி கொடுக்கணும். இந்த நாற்காலியில, தரையில."

கிரேன்காரர் நாற்காலியைப் பார்த்தார். சாதாரண நாற்காலி, நாலு காலும் தரையில் இருந்தது. மேலே ஏறுவதா வேண்டாமா என்பது இப்போது அவர் கையில் இருந்தது.

அவர் போய் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்தார். கண்ணை இறுக மூடினார்.

"இப்பவே எடுத்துப் பழக்குங்க டாக்டர். தைரியம் இருக்கும்போதே."

நர்ஸ் ஊசியுடன் நெருங்கியதும், சும்மா இருந்த இன்னொரு கை காற்றில் துழாவிப் பக்கத்தில் அகப்பட்டதைப் பிடித்தது. அகப்பட்டது லொள்ளுவின் கை. இருபது வருடம் கிரேன் நெம்புகோல் பிடித்த பிடி அது. கிரேன்காரர் மயங்கவில்லை. லொள்ளு வாயைத் திறந்தான், திறந்தபடியே நின்றான், ஒரு வார்த்தை வரவில்லை.